வரத்துக்காலைப் பார்த்துவிட்டு ஊரணியில் இறங்குங்கள்

சித்திரை பிறந்துவிட்டால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பிள்ளைகள் செட்டிநாட்டு ஊர்களுக்கு வந்து இறங்குகிறார்கள். பெரிய வீட்டைச் சுற்றிப் பார்க்க அரை நாள் போதும். அப்புறம் ஒரே கேள்விதான்: "ஐயா, ஊரணில குளிக்கலாமா?" கேட்கப்பட்டவர் படித்துறை வரை நடந்து போய்த் தண்ணீரைப் பார்ப்பார். தெளிந்து கிடந்தால் சரி என்பார். கலங்கலாக இருந்தால் வேண்டாம் என்பார்.

அக்கறையோடு சொல்கிற பதில்தான். ஆனால் குளிக்கும் தண்ணீரின் தரத்தைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. செட்டிநாட்டுத் தண்ணீர் விஷயத்தில் கண் இன்னும் அதிகமாக ஏமாறும். அதற்கு இந்த மண்ணே காரணம்.

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம் சுற்றுவட்டாரம் முழுக்கச் செம்புறாங்கல்லும் சரளையும் கலந்த செம்மண் பூமி. மழைத்தண்ணீர் இந்த மண்ணில் ஓடிவரும்போது மிக நுண்ணிய களித்துகள்களை ஏந்திக்கொண்டு வருகிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் இரண்டு கூறு அளவுகூட இருக்காது அந்தத் துகள். துகள்கள் எல்லாவற்றிலும் ஒரே வகை மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும், அடியில் படியாது. மழை நின்று வாரக்கணக்கான பிறகும் ஊரணி காவி நிறத்தில் கிடப்பது இதனால்தான். அந்தக் காலத்தில் பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரசி வைத்தார்கள். கொட்டையிலிருந்து கரையும் பொருள் துகள்களைத் திரளாகச் சேர்த்து அடியில் இறக்கிவிடும். ஆக, காவி நிறம் என்பது மண். அழுக்கு அல்ல.

தெளிந்த தண்ணீரின் கதை வேறு. வயிற்றுப்போக்கு தரும் பாக்டீரியா ஒன்றின் நீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். ஒரு டம்ளரில் அவை லட்சக்கணக்கில் இருந்தாலும் தண்ணீரின் தெளிவு குறையாது, வாடையும் வராது.

அப்படியானால் கலங்கல் தண்ணீரில் பயமே இல்லையா என்றால், அதுவும் இல்லை. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் கிருமிகளைக் கொல்லும். ஆழம் குறைந்த தெளிந்த தண்ணீரில், சித்திரை வெயிலுக்கு, மலத்திலிருந்து வந்த பாக்டீரியாக்களில் பெரும்பங்கு சில நாட்களில் செத்துவிடும். கலங்கலில் அந்தக் கதிர் ஒரு சாண்கூட இறங்காது. கிருமிகள் மண்துகளில் ஒட்டிக்கொண்டு அடிச்சேற்றில் போய்ப் படிந்தால் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். பத்துப் பையன்கள் கரையிலிருந்து குதித்து முங்கு நீச்சல் போட்டால் அந்தச் சேறு மறுபடி மேலே வந்துவிடும். ஆகவே கலங்கலைப் பார்த்தால், அது எதனால் கலங்கியது, எப்போது கலங்கியது என்று விசாரிக்க வேண்டும்.

தெளிவை அளக்க ஓர் எளிய வழி உண்டு. 1865ல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், அவர் ஒரு வானியலாளரும்கூட, வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, எந்த ஆழத்தில் அது கண்ணுக்கு மறைகிறது என்று குறித்தார். உலகம் முழுக்க ஏரிகளில் இன்றைக்கும் இதைச் செய்கிறார்கள். கனமான ஒரு பழைய எவர்சில்வர் தட்டின் அடியில் வெள்ளை பெயின்ட் அடித்து, முடிச்சுப் போட்ட கயிற்றில் கட்டினால் நம் ஊரணிக்கும் அது போதும். மாதம் ஒருமுறை அளந்து எழுதி வைத்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியும். கிருமியைப் பற்றி மட்டும் அது எதுவும் சொல்லாது.

மூன்றாவதாக ஒரு நிறம் இருக்கிறது: பச்சை. இதைப் பார்த்தால் நின்றுவிட வேண்டும். கல்லில் வழுக்கும் நூல் பாசியைச் சொல்லவில்லை. தண்ணீர் முழுக்கப் பச்சை பெயின்டைக் கரைத்து ஊற்றியதுபோல் ஆகி, காற்றடிக்கும் ஓரத்தில் ஏடு கட்டி நிற்குமே, அது நீலப்பச்சைப் பாசி. உண்மையில் அது பாசியே அல்ல, சூரிய ஒளியில் உணவு செய்துகொள்ளும் ஒரு பாக்டீரியா. மைக்ரோசிஸ்டிஸ் போன்ற சில வகைகள் ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. குளித்தால் தோல் அரிக்கும், கண் எரியும். விழுங்கினால் வாந்தி, வயிற்றுவலி. அந்தத் தண்ணீரைக் குடித்த ஆடுமாடுகள் செத்துப்போனதை உலகின் பல நாடுகளில் பதிவு செய்திருக்கிறார்கள். கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு போகாது. பாஸ்பரசும் நைட்ரஜனும் கூடிப்போனால்தான் இது பெருகும். அவை எங்கிருந்து வருகின்றன? சாக்கடையிலிருந்து, வயலில் போட்ட உரத்திலிருந்து, சாணத்திலிருந்து.

காவியோ பச்சையோ கிருமியோ, எதுவும் ஊரணிக்குள் தானாக உண்டாவதில்லை. மழைத்தண்ணீரை ஊரணிக்குக் கொண்டுவரும் கால்வாய்தான் வரத்துக்கால். அது கொண்டுவந்து சேர்ப்பதுதான் ஊரணியில் கிடக்கிறது. இதைச் செட்டிநாட்டு ஊர்களைக் கட்டியவர்கள் நன்றாகவே புரிந்து வைத்திருந்தார்கள்.

இங்கே வற்றாத ஆறு கிடையாது. மணிமுத்தாறு, தேனாறு, பாம்பாறு எல்லாம் மழையை நம்பி ஓடுபவை. ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. அதைப் பிடித்து வைத்துத்தான் ஆண்டு முழுக்க வாழ வேண்டும். 2014ல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தபோது எல்லாரும் மாளிகைகளைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அந்த மாளிகைகளைவிட அவற்றின் தண்ணீர் ஏற்பாடு பெரிதாகப் படுகிறது. ஓட்டுக் கூரையில் விழும் மழை வளவு முற்றத்தில் இறங்கும். முதல் மழையை யாரும் பிடிக்க மாட்டார்கள். கூரையில் கோடை முழுக்கச் சேர்ந்த தூசியும் பறவை எச்சமும் அதோடு போகட்டும் என்று விடுவார்கள். அடுத்த மழையைக் கிடாரம் என்ற பெரிய அண்டாக்களில் பிடித்துக்கொள்வார்கள். மிச்சத் தண்ணீர் தெருவோர வடிகாலில் இறங்கி, ஊரணிக்கோ கண்மாய்க்கோ போய்ச் சேரும்.

ஊரணியிலும் பிரிவு இருந்தது. குடிதண்ணீர் ஊரணி தனி, குளிக்கிற ஊரணி தனி, மாடு இறங்குவதும் வயலுக்குப் பாய்வதும் கண்மாய். குடிதண்ணீர் ஊரணியைச் சுற்றிச் செம்புறாங்கல் சுவர் இருக்கும். செருப்போடு போகக்கூடாது, கால் நனைக்கக்கூடாது, துணி துவைக்கக்கூடாது. குடத்தை முக்கி எடுத்துக்கொண்டு வர வேண்டியதுதான். யார் எந்தத் துறையில் இறங்கலாம் என்பதில் சாதிக் கட்டுப்பாடும் சேர்ந்தே இருந்தது. அதைச் சொல்லாமல் பழைய ஒழுங்கை மட்டும் புகழ்வது நேர்மையாகாது. கட்டுப்பாட்டின் அந்தப் பகுதி ஒழியத்தான் வேண்டும். கால் நனைக்காதே என்ற பகுதிக்கோ வலுவான சுகாதாரக் காரணம் இருந்தது.

அந்தக் காரணத்தின் பெயர் நரம்புச் சிலந்தி. இன்றைய தலைமுறைக்கு இந்த நோயே தெரியாது. தெரியாமல் போனது பெரிய நிம்மதி. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வரை வளரும் புழு அது. உடம்புக்குள் ஓராண்டு வளர்ந்து, பெரும்பாலும் காலில் கொப்புளம் கட்டி வெளியே வரும். கொப்புளம் நெருப்பாக எரியும். எரிச்சல் தாங்காமல் நோயாளி காலைத் தண்ணீரில் வைப்பார். வைத்த மறுகணம் புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டுவிடும். சைக்ளாப்ஸ் என்ற கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நீர்ப்பூச்சி அவற்றைத் தின்னும். அந்தப் பூச்சியோடு சேர்த்துத் தண்ணீரைக் குடிப்பவருக்கு அடுத்த ஆண்டு நோய். படியிறங்கிப் போய்த் தண்ணீர் எடுக்கும் கிணறுகளிலும் குளங்களிலும்தான் இது பரவியது. மருந்தோ தடுப்பூசியோ கிடையாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டுவது, நோயாளியின் கால் தண்ணீரில் படாமல் பார்த்துக்கொள்வது, இவ்வளவுதான் வைத்தியம். பெரும்பாலும் இப்படிப்பட்ட தடுப்பு வேலைகளை வைத்துக்கொண்டே இந்தியா அந்த நோயை ஒழித்தது. தமிழ்நாட்டில் 1980களிலேயே போய்விட்டது. நாட்டின் கடைசி நோயாளி 1996ல் ராஜஸ்தானில் பதிவானார். 2000ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்று கொடுத்தது.

பிறகு ஆழ்குழாய் வந்தது, மேல்நிலைத் தொட்டி வந்தது, காவிரி கூட்டுக் குடிநீர் வந்தது. தண்ணீர் சுமந்த பெண்களுக்கு அது விடுதலை. ஆனால் ஊரணியை யாரும் குடிக்காமல் ஆனதும், அதைக் காக்க வேண்டிய அவசியமும் போனதாக ஊர் நினைத்துக்கொண்டது. பிரிவுகள் கலைந்தன. குடிதண்ணீர் ஊரணியில் சோப்பு நுரைத்தது. குளிக்கிற ஊரணியில் லாரி கழுவினார்கள்.

அதைவிடப் பெரிய சேதம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடந்தது. வீடுகளுக்கு செப்டிக் டேங்க் வந்தது. டேங்கிலிருந்து வழியும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்க உறிஞ்சுகுழி வேண்டும். பல வீடுகளில் அந்தக் குழியை வெட்டாமல் ஒரு பிவிசி குழாயைத் தெரு வடிகாலில் சொருகிவிட்டார்கள். தெரு வடிகால் எதற்குக் கட்டப்பட்டது? கூரைத் தண்ணீரை ஊரணிக்குக் கொண்டுபோக. முன்னோர் அவ்வளவு கவனமாக வாட்டம் பார்த்துக் கட்டிய அதே வடிகால், இன்று மலக்கழிவை அதே கவனத்தோடு ஊரணியில் சேர்க்கிறது. செட்டிநாட்டின் தண்ணீர்ப் பிரச்சினையில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான்.

உங்கள் ஊர் ஊரணியில் குளிக்கலாமா என்று தெரிய வேண்டுமானால் முதலில் வரத்துக்கால் வழியாக மேலே நடந்து பாருங்கள். ஊரணி வாயில் தொடங்கி, தண்ணீர் எந்தத் திசையிலிருந்து வருமோ அந்தத் திசையில். நீங்கள் பார்க்கக்கூடியது இது: வேலிக்கருவை அடைத்த பள்ளம், முள்ளில் மாட்டிய ஷாம்பு பாக்கெட்டுகள், கல்யாண மண்டபத்தின் பின்சுவரை ஒட்டிக் கொட்டிய இலையும் பிளாஸ்டிக் டம்ளரும், கறிக்கடையிலிருந்து வந்த சாக்கில் கோழி இறகு, குழந்தைகளின் டயாபர். அப்புறம் ஏதோ ஒரு வீட்டுச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குழாய். அதன் கீழே மட்டும் மண் கறுத்து, கோடையிலும் ஈரமாக இருக்கும். பக்கத்தில் கோரை செழித்திருக்கும். அந்தக் கறுத்த ஈரத்தைப் பார்த்துவிட்டால் ஆய்வகத்துக்குப் போகும் முன்பே பாதி விடை கிடைத்துவிட்டது.

மீதி விடை எண்களில் இருக்கிறது. தண்ணீரில் நோய்க்கிருமிகள் எத்தனையோ வகை. ஒவ்வொன்றையும் தேடுவது நடக்கிற காரியமில்லை. அதனால் ஈ.கோலி என்ற பாக்டீரியாவைத் தேடுகிறார்கள். மனிதக் குடலிலும் மாட்டின் குடலிலும் எப்போதும் இருப்பது. அதில் பெரும்பாலான வகைகள் நமக்குக் கெடுதல் செய்யாதவை. ஆனால் புகை தெரிந்தால் நெருப்பைத் தேடுவதுபோல, தண்ணீரில் ஈ.கோலி தெரிந்தால் அங்கே மலம் கலந்திருக்கிறது, டைபாய்டும் மஞ்சள் காமாலையும் தரும் கிருமிகளுக்கும் வழி திறந்திருக்கிறது என்று பொருள்.

இந்தியாவில் குளிக்கும் தண்ணீருக்கென்றே 2000ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அளவுகோல் அறிவித்தது. மலவழிக் கோலிபார்ம், அதாவது ஈ.கோலியும் அதன் நெருங்கிய உறவுகளும், 100 மில்லிலிட்டர் தண்ணீரில் 500க்குள் இருப்பது நல்லது. 2500 உச்சவரம்பு. கார அமில அளவு 6.5 முதல் 8.5 வரை. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது. கழிவை மக்கச் செய்யத் தேவைப்படும் ஆக்சிஜன் 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.

500 என்பது எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிராம் மனித மலத்தில் ஈ.கோலி கோடிக்கணக்கில் இருக்கும். குறைத்து ஒரு கோடி என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஒரு கிராம் 2000 லிட்டர் தண்ணீரை 500 என்ற கோட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடும். ஒரு கிராமுக்கு இந்தக் கதி என்றால், நாள் முழுக்கக் கசியும் ஒரு செப்டிக் குழாய்க்கு எத்தனை லட்சம் லிட்டர் ஈடு கொடுக்க முடியும்?

எண்ணை மட்டும் நம்பினால் தவறாகவும் போகலாம். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி கண்மாய்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1977ல் சரணாலயமாக அறிவித்த இடம். பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி மக்களை ஊரே அறியும். பறவைகள் ஆயிரக்கணக்கில் தங்கும் கண்மாயில் எச்சத்தால் ஈ.கோலி எண்ணிக்கை கூடத்தான் செய்யும். அந்த எண்ணையும், செப்டிக் குழாய் விழும் ஊரணியின் அதே எண்ணையும் ஒன்றாகப் பார்க்கக்கூடாது. மனிதனின் நோய்கள் பெரும்பாலும் மனிதக் கழிவிலிருந்தே மனிதனுக்கு வருகின்றன. எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு எண்ணால் பதில் சொல்ல முடியாது.

இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் குளியல் நீரைப் பற்றி வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், ஆய்வக எண்ணையும் சுற்றுப்புற ஆய்வையும் சேர்த்தே தரம் பிரிக்கச் சொல்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006ல் வந்த சட்டப்படி, குளிக்க அனுமதித்த ஒவ்வொரு ஏரிக்கும் ஆற்றுத்துறைக்கும் ஒரு விவரக்குறிப்பு எழுதி வைக்க வேண்டும். எந்தெந்த வழியாக அழுக்கு வரலாம், மழை பெய்தால் என்ன ஆகும், எல்லாம் அதில் இருக்கும். ஒரு நாள் சோதனையை வைத்து முடிவு கட்டாமல் நான்கு ஆண்டுச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்துத் தரம் கொடுக்கிறார்கள். அந்தத் தரத்தைக் குளிக்க வருபவர் கண்ணில் படும்படி பலகையில் எழுதி வைக்கிறார்கள். நம்மிடம் அளவுகோல் 2000லேயே வந்துவிட்டது. பலகைதான் எந்த ஊரணிக் கரையிலும் காணோம்.

எப்போது குளிப்பது என்ற கேள்விக்கு இங்கே வருவோம். வருத்தமான பொருத்தமின்மை ஒன்று இதில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு விடுமுறை சித்திரை, வைகாசியில். ஊரணித் தண்ணீர் ஆண்டிலேயே மோசமாக இருப்பதும் அப்போதுதான். கோடை வெயிலில் ஒரு நாளைக்கு 5, 6 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகிப் போகும். போவது தண்ணீர் மட்டும். உப்பும் பாஸ்பரசும் பாசியும் அப்படியே கிடக்கும். தை மாதத்தில் ஆள் மட்டத்துக்கு மேல் நின்ற தண்ணீர் இடுப்பளவுக்கு வந்துவிடும். குளிக்கும் கூட்டமோ அப்போதுதான் அதிகம். இரவில் பாசியும் சேறும் ஆக்சிஜனை உறிஞ்சுவதால் விடியற்காலையில் அது அடிமட்டத்துக்குப் போகும். விடிந்து பார்த்தால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும், சில செத்து மிதக்கும். அப்படி மீன் செத்த தண்ணீரில் அந்த வாரம் யாரும் இறங்க வேண்டாம்.

அடுத்த ஆபத்துக் காலம் முதல் மழை. கோடை முழுக்க வரத்துக்காலில் சேர்ந்தது அத்தனையும் முதல் இரண்டு மூன்று மழையில் ஊரணிக்குள் வந்து விழும். தண்ணீர் ஏறிவிட்டது என்ற மகிழ்ச்சியில் பிள்ளைகள் குதிப்பதும் அன்றைக்குத்தான். கூரைத் தண்ணீரில் முதல் மழையை விட்டுவிட்ட பெரியவர்களின் புத்தி ஊரணிக்கும் பொருந்தும். பெரிய மழை பெய்தால் குறைந்தது இரண்டு மூன்று நாளாவது பொறுங்கள்.

நல்ல காலம் மார்கழியும் தையும். கண்மாயும் ஊரணியும் நிறைந்து, கலுங்கு வழியாக மிச்சம் வழிந்து ஓடி முடித்து, மண் படியத் தொடங்கியிருக்கும். தண்ணீரின் அளவு அதிகம், சூடு குறைவு. பொங்கலுக்கு ஊருக்கு வருபவர்கள் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க நினைத்தால் அதுதான் சமயம். குளிருகிறது என்று பிள்ளைகள் சிணுங்கும். பரவாயில்லை.

நோய்களைப் பற்றிச் சொல்லும்போது பெரும்பாலும் மூளையைத் தின்னும் அமீபாவில்தான் பேச்சு தொடங்குகிறது. கேரளத்தில் 2024லிலிருந்து அடுத்தடுத்துச் செய்தி வந்ததால் பயம் இயல்புதான். நெக்லேரியா ஃபௌலேரி என்ற அந்த அமீபா சூடான நன்னீரில் வாழ்வது. தண்ணீரைக் குடித்தால் வராது. மூக்கு வழியாக வேகமாக ஏறும் தண்ணீரோடு போய், வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளையை அடைகிறது. மிக மிக அரிது. வந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் பிழைப்பதில்லை. 2024 ஜூலையில் கோழிக்கோட்டில் ஒரு 14 வயதுச் சிறுவன் பிழைத்ததற்குக் காரணம், நோயை மிகச் சீக்கிரம் கண்டுபிடித்ததுதான். ஆகவே கோடையில், தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்போது, மேலிருந்து குதிப்பதையும் அடிச்சேற்றைக் கிளறுவதையும் தவிர்க்கச் சொல்லுங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கச் சொல்லுங்கள். தலையை மேலே வைத்து நீந்தினால் அந்த ஆபத்து மிகவும் குறைந்துவிடும்.

நம் பக்கத்தில் அதைவிட அதிகம் கவலைப்பட வேண்டியது எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரா என்ற கிருமி எலி, மாடு, நாய், பன்றியின் சிறுநீரில் வரும். ஈரத்தில் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். காலில் இருக்கும் ஒரு கீறல், கண், வாய், இது போதும் உள்ளே போக. வயலில் வேலை செய்பவர்களுக்கும் மாடு குளிப்பாட்டும் கண்மாயில் குளிப்பவர்களுக்கும் மழைக்காலத்தில் வருவது. சாதாரணக் காய்ச்சல்போல் தொடங்கும். கெண்டைக்கால் தசை வலி கடுமையாக இருக்கும், கண் சிவக்கும். முற்றினால் மஞ்சள் காமாலை, சிறுநீரகம் பாதிப்பு. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின், பென்சிலின் போன்ற பழைய மருந்துகளுக்கே கட்டுப்படும். காய்ச்சலோடு டாக்டரிடம் போகும்போது, ஒரு மாதத்துக்குள் கண்மாயிலோ ஊரணியிலோ குளித்ததுண்டா என்பதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அவர் கேட்க மறந்தாலும் அந்த ஒரு தகவல் சரியான பரிசோதனைக்கு வழிகாட்டும். காலில் புண் இருந்தால் ஆறும்வரை தண்ணீரில் இறங்க வேண்டாம்.

காதுவலி, கண் சிவப்பு, தோல் அரிப்பு எல்லாம் இதைவிட அதிகம் வருபவை, ஆனால் சீக்கிரம் ஆறிவிடுபவை. குளித்து வந்ததும் நல்ல தண்ணீரில் ஒருமுறை உடம்பைக் கழுவிக்கொண்டாலே பாதி குறையும்.

கைவிட்ட கல்குவாரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களில் இவை நிறைய. பாறைக்கு நடுவே மண் இல்லாததால் தண்ணீர் பச்சை நீலமாகத் தெளிந்து கிடக்கும், படம் எடுக்கத் தோன்றும். தரம் ஊரணியைவிட நன்றாகக்கூட இருக்கலாம். ஆனால் ஓரத்திலேயே ஆழம் விழுந்துவிடும், ஏறிவரப் படி கிடையாது, மேலே வெதுவெதுப்பு இருந்தாலும் அடியில் சில்லென்று இருக்கும். அங்கே ஆட்களைக் கொல்வது கிருமி அல்ல, ஆழம். சவுடு மண்ணுக்காகக் கண்மாய்க்குள் தோண்டிய குழிகளும் அப்படித்தான். மழைக்குப் பிறகு மேலே எல்லாம் ஒரே மட்டமாகத் தெரியும்.

சோதனைக்கு வருவோம். எச்2எஸ் குப்பி என்று ஒன்று கிடைக்கிறது. 1982ல் இந்திய விஞ்ஞானிகள் முன்வைத்த முறை. குப்பிக்குள் மருந்து தோய்த்த காகிதம் இருக்கும். குறியிட்ட அளவுக்குத் தண்ணீரை ஊற்றி மூடி, நம் ஊர் வெப்பத்திலேயே ஒரு நாள், இரண்டு நாள் வைக்க வேண்டும். மலவழி பாக்டீரியாக்களோடு சேர்ந்து வரும் கிருமிகள் இருந்தால், அவை வெளியிடும் வாயு காகிதத்திலிருக்கும் இரும்பைக் கறுக்க வைக்கும். முதலில் காகிதத்தின் ஓரம் சாம்பல் பூக்கும், அப்புறம் குப்பி முழுக்கக் கறுத்துவிடும். குடிதண்ணீருக்காக உருவான சோதனை இது. ஊரணித் தண்ணீர் எப்படியும் கறுக்கத்தான் செய்யும். சேற்றில் இயல்பாக இருக்கும் சில பாக்டீரியாக்களும் கறுக்க வைக்கும். அதனால் கறுத்ததா இல்லையா என்று பார்க்காமல், வரத்துக்கால் வாயில் ஒரு குப்பி, படித்துறையில் ஒரு குப்பி, எதிர்க்கரையில் ஒரு குப்பி என்று ஒரே நேரத்தில் எடுத்து, எது முதலில் கறுக்கிறது என்று பாருங்கள். எந்தப் பக்கத்திலிருந்து அழுக்கு வருகிறது என்பதற்குத் தோராயமான ஒரு தடயம் கிடைக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளே ஆசிரியர் துணையோடு செய்யலாம். முடிந்ததும் ஆசிரியரே குப்பிக்குள் பிளீச்சிங் கரைசலை ஊற்றி, கிருமிகளை அழித்த பிறகு அப்புறப்படுத்த வேண்டும்.

சரியான எண்ணிக்கைக்கு ஆய்வகம்தான். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணத்துக்குச் சோதித்துத் தருகிறார்கள். கிருமி நீக்கிய பாட்டிலை அவர்களிடமே வாங்கி, கரையோரத்தை விட்டு உள்ளே தள்ளி, முழங்கை ஆழத்தில் தண்ணீர் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். காரைக்குடிக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. கரைந்த ஆக்சிஜனையும் கார அமில அளவையும் காட்டும் கருவிகளின் முனையில் இருப்பவை மின்வேதி உணரிகள். அந்தத் துறைக்கான நாட்டின் மைய ஆராய்ச்சி நிலையமான சிக்ரி 1953லிருந்து காரைக்குடியில்தான் இருக்கிறது. அந்த ஊரின் ஊரணிகள் நாட்டிலேயே நன்றாக அளக்கப்பட்டவையாக இருக்க வேண்டாமா?

சரி, கெட்டுப்போன ஊரணியை எப்படி மீட்பது? பிளீச்சிங் பவுடரைக் கொட்டுவது உதவாது. கிணற்றுக்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் சரி. ஊரணியில் சேறும் பாசியுமே குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. நகரங்களில் ஊரணியைச் சுற்றி கான்கிரீட் சுவரும் நடைபாதையும் விளக்கும் போட்டு அழகுபடுத்துகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தச் சுவர் வரத்துக்காலை அடைத்துவிட்டால், புதுத்தண்ணீர் வராமல் பழைய தண்ணீர் பச்சையாகத் தேங்கும். ஜேசிபி வைத்து ஆழமாகத் தோண்டுவதிலும் கவனம் வேண்டும். அடியிலிருக்கும் களிமண் படுகையைக் கீறிவிட்டால் தண்ணீர் தங்காது. தைலமரக் காடுகளில் வெட்டிய வரப்பும் குழியும் வரத்துத் தண்ணீரைத் தடுக்கின்றன என்பது புதுக்கோட்டைப் பக்கத்து விவசாயிகளின் நெடுநாள் குறை. தண்ணீர் வந்தால்தானே தரத்தைப் பற்றிப் பேச முடியும்.

முதல் வேலை குழாய்களை நிறுத்துவது. வரத்துக்காலில் விழும் ஒவ்வொரு செப்டிக் குழாய்க்கும் அந்தந்த வீட்டிலேயே உறிஞ்சுகுழி வெட்ட வேண்டும். செம்மண் சரளைப் பூமியில் பல இடங்களில் தண்ணீர் நன்றாகவே இறங்கும். பக்கத்தில் குடிநீர்க் கிணறு இல்லாத இடமாகப் பார்க்க வேண்டும். இடமில்லாத வீடுகளுக்கு இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஒரு குழி. அடுத்து, வரத்துக்கால் ஊரணியில் நுழையும் இடத்தில் ஒரு சிறு வண்டல் தொட்டி, அதை ஒட்டிச் சம்பும் கோரையும் வளரும் ஆழமில்லாத பாத்தி. ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் குளோரின் போடாத நீச்சல் குளங்களில் ஒரு பகுதியை முழுக்கச் செடிகளுக்கே ஒதுக்கித் தண்ணீரைச் சுத்தம் செய்கிறார்கள். அந்த வேரும் அதில் ஒட்டி வாழும் நுண்ணுயிரும் செய்யும் வேலையை நம் கோரையும் செய்யும். ஆண்டுக்கு ஒருமுறை அறுத்து அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் அது உறிஞ்சிய சத்து அழுகி மறுபடி தண்ணீரிலேயே சேரும். ஆகாயத்தாமரையை மட்டும் ஒரு செடிகூட விட்டுவைக்கக்கூடாது. மூன்றாவது, சோப்புக்குத் தனித்துறை. துவைக்க விரும்புபவர்களுக்குக் கரைக்கு வெளியே ஒரு கல்லும் தொட்டியும் போட்டு, அந்தத் தண்ணீரைத் தென்னைக்கு விடலாம்.

இவற்றை எந்த மாதத்தில் பேசுவது என்பதும் முக்கியம். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அக்டோபர் 2ல் தீர்மானம் போட்டால் வேலை தொடங்கும் முன் பருவமழை வந்து அத்தனை குப்பையையும் உள்ளே தள்ளிவிடும். ஆகஸ்ட் 15ல் போட்டால் இரண்டு மாதம் கையில் இருக்கிறது. தீர்மானத்தில் ஊரணியின் பெயர், வரத்துக்காலின் சர்வே எண், அதில் விழும் குழாய்கள் எத்தனை, எந்தத் தேதிக்குள் அகற்றுவது என்று எழுதச் சொல்லுங்கள். தை மாதம் ஒருமுறை, சித்திரை மாதம் ஒருமுறை தண்ணீரை ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று ஒரு வரி, முடிவைக் கரையில் பலகையில் எழுதி வைப்பது என்று இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் இருப்பவர்கள் இதே மனுவைத் தங்கள் வார்டு கவுன்சிலரிடம் ஆடி மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.